சந்திரன் பிடிபட்டது, சூரியன் நழுவியது

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் டாலமி, தன் நூலொன்றில், சந்திரன் பூமியிலிருந்து சராசரியாக 59 புவி ஆரத் தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 60-ஐச் சற்றே தாண்டியது. அதே நூலில், அதையொட்டியே, சூரியன் 1,210 புவி ஆரத் தொலைவில் இருப்பதாகவும் எழுதினார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 23,500. ஒரே மனிதர், ஒரே நூல், ஒரே வடிவியல். ஆனால் ஒரு விடை நூற்றுக்கு இரண்டு பங்குப் பிழையோடு முடிகிறது, மற்றொன்று ஏறக்குறைய இருபது மடங்கு பிசகுகிறது. கிரேக்க வானியலைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார் முதல் எண்ணைக் காட்டி வியக்கிறார்கள். இன்னொரு சாரார் இரண்டாவது எண்ணைக் காட்டி ‘அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும்’ என்று கடந்துவிடுகிறார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று ஏன் பிடிபட்டது, மற்றொன்று ஏன் நழுவியது என்று கேட்கும்போதுதான் அவர்கள் செய்த வேலையின் உள்ளமைப்பு தெரிகிறது என்பது என் எண்ணம்.

தொலைவு என்றால் எதை அலகாகக் கொண்ட தொலைவு என்பது முதல் கேள்வி. வானத்தை அளக்க அவர்கள் பெரும்பாலும் புவி ஆரத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள். அந்தப் பூமி எவ்வளவு பெரியது என்பதைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தெனிஸ் தனியே கணக்கிட்டார். அது பள்ளிப் பாடம்வரை வந்துவிட்ட கதை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்: ஆண்டின் நீண்ட பகலன்று நண்பகலில் சைனியில், அதாவது இன்றைய அஸ்வானில், நட்டகோல் நிழல் தரவில்லை, அலெக்ஸாந்திரியாவில் அதே வேளையில் சூரியன் உச்சியிலிருந்து முழு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தது, இரண்டு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (கிரேக்கர்களின் நீள அலகு) என்று கொண்டால் பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் ஆகிறது. அவருடைய ஸ்டேடியம் இன்றைய கணக்கில் எத்தனை மீட்டர் என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. ஆனால் சந்திரன் இத்தனை புவி ஆரத் தொலைவில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஸ்டேடியம் தேவைப்படுவதே இல்லை, ஆகவே அந்தச் சச்சரவை இங்கே விட்டுவிடலாம்.

வானத்துத் தொலைவை வடிவியல் நிரூபணமாக எழுதியவர்களில், நூல் முழுமையாகக் கிடைக்கும் முதல் ஆள் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ். அவருடைய காலம் ஏறத்தாழ கி.மு. 310 முதல் 230 வரை. சூரிய சந்திரர்களின் அளவையும் தொலைவையும் பற்றிய அந்தச் சிறு நூலில் ஆறு எடுகோள்களும் பதினெட்டு நிரூபணங்களும் இருக்கின்றன. நோக்கிய நாள், நேரம், கருவி என்று ஒரு சொல்கூட இல்லை. எடுகோள்களில் மூன்று வெறும் எண்கள். அரை நிலவு தெரியும் வேளையில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைவிட அதன் முப்பதில் ஒரு பங்கு குறைவு, அதாவது நம் கணக்கில் 87 பாகை. சந்திர கிரகணத்தின்போது பூமியின் நிழல் இரண்டு சந்திர அகலம் கொண்டது. சந்திரன் ஒரு ராசியின் பதினைந்தில் ஒரு பங்கை, அதாவது 2 பாகையை, அடைக்கிறது. இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டால் மற்றவை தாமாகவே வரும் என்பது நூலின் வாதம்.

அரை நிலவில் ஒளிந்திருக்கும் கருத்து மிக அழகானது. சந்திரனுக்கு ஒளி சூரியனிடமிருந்து வருகிறது. அதன் வட்டு நம் கண்ணுக்குச் சரிபாதியாக, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான எல்லை நேர்க்கோடாகத் தெரிகிறது என்றால், அந்த நொடியில் சூரியனிலிருந்து சந்திரனுக்கு வரும் கோடும் சந்திரனிலிருந்து நமக்கு வரும் கோடும் செங்குத்தாக நிற்கின்றன. ஆகவே பூமி, சந்திரன், சூரியன் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். செங்கோணம் சந்திரனில் இருக்கிறது. நாம் நிற்கும் முனையின் கோணத்தை மட்டும் அளந்துவிட்டால் முக்கோணத்தின் வடிவம் முழுவதும் தெரிந்துவிடும், சூரியன் சந்திரனைப்போல் எத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வானத்தைத் தொடாமல், பூமியில் ஓர் அடிகூட நகராமல், சந்திரனே போட்டுக் கொடுக்கும் செங்கோணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் உத்தி இது.

அரிஸ்டார்க்கஸின் காலத்தில் முக்கோணவியல் அட்டவணைகள் கிடையாது. இன்று கைப்பேசியில் 87 பாகையின் கோசைனைத் தட்டி, ஒன்றை அதனால் வகுத்தால் விடை 19.1 மடங்கு என்று உடனே வரும். அவரோ ஒரு கோணத்தைப் பாதியாக்கினால் அதன் எதிரே உள்ள பக்கம் பாதிக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே போகும் என்பது போன்ற சமனின்மைகளை அடுக்கி, விடை 18-க்கு மேல், 20-க்குக் கீழ் என்று இருபுறமும் அடைத்துக் காட்டினார். எடுகோள் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் நிரூபணத்தில் ஓர் இம்மியும் தளர்வில்லை. எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்தது இந்த முரண்தான். 18-க்கும் 20-க்கும் இடையே என்று அவர் காட்டும் இடைவெளி அளவீட்டின் ஐயத்தைக் குறிக்கவில்லை, கணக்குக் கருவியின் எல்லையை மட்டுமே குறிக்கிறது. இன்றைய வாசகர் அதைப் பிழை வரம்பு என்று படித்துவிடும் அபாயம் உண்டு.

ஏனெனில் உண்மையான ஐயம் வேறு அளவில் இருந்தது. அரை நிலவின் கோணம் 87 பாகை என்றால் சூரியன் சந்திரனைவிட 19 மடங்கு தொலைவு. அதுவே 88 என்றால் 28 மடங்குக்கு மேல், 89 என்றால் 57 மடங்கு, எண்பத்தொன்பதரை என்றால் 114 மடங்கு, 90 என்றால் முடிவிலி. உண்மையான கோணம் 89 பாகை 51 கலைக்குச் சற்று மேல். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அந்தக் கோணத்துக்கு உரிய விடை சுமார் 389 மடங்கு. அதாவது செங்கோணத்துக்கும் உண்மைக்கும் இடையே இருப்பது வெறும் 9 கலை, முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனைவிட்டுச் சந்திரன் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை விலகுவதால், இந்த 9 கலையை அது கடக்கச் சுமார் பதினெட்டு நிமிடம் ஆகிறது. அரை நிலவு நிகழும் நொடியைப் பதினெட்டு நிமிடத்துக்குள் பிடிக்க முடிந்தால்தான் சூரியன் முடிவிலியில் இல்லை என்பதையே சொல்ல முடியும்.

வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலைகளில் நிலவை இருகண் நோக்கியால் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒளியின் எல்லைக்கோடு நேராகிவிட்டதா, இன்னும் உள்வளைவு மிச்சமிருக்கிறதா என்று தீர்மானிக்க முயன்றால் ஒன்றிரண்டு மணி நேரம் ஒரே தோற்றமே நீடிப்பதுபோல் இருக்கும். எல்லைக்கோட்டின் ஓரத்தில் பள்ளங்களின் விளிம்புகள் ஒளியில் துருத்திக்கொண்டு நிற்கும். கோடு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இருப்பதே இல்லை. வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு இந்த விவரம் தெரியாது என்றாலும் தீர்மானிக்கும் சிரமம் அதே அளவு, அல்லது கூடுதல்.

அப்படியானால் 87 எங்கிருந்து வந்தது? கோணத்தை அளக்காமல் நாள்களை எண்ணியும் பார்க்கலாம்: 87 பாகை என்றால் அமாவாசையிலிருந்து அரை நிலவு வரையுள்ள காலம், அரை நிலவிலிருந்து பௌர்ணமி வரையுள்ள காலத்தைவிட அரை நாள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் சந்திரனின் வேகம் சீரானதல்ல. அந்தக் காரணத்தால் மட்டுமே இந்த இடைவெளிகள் ஒரு நாள் அளவுக்குக்கூடக் கூடிக் குறைகின்றன. ஆகவே அந்த வழியும் அடைபட்டதுதான். ஓர் அளவீட்டின் முடிவாக அல்லாமல், கணக்கு நடத்த வசதியான எண்ணாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், அதற்குக் காரணம் மூன்றாவது எடுகோளில் இருக்கும் 2 பாகை. நிலவின் உண்மையான கோண அகலம் அரைப் பாகை. நான்கு மடங்குப் பிழையைக் கண்ணால் பார்க்கும் எவரும் உணராமல் இருக்க முடியாது. அதிலும் ஆர்க்கிமிடீஸ், சூரிய வட்டின் அகலம் முழு வட்டத்தின் 720-இல் ஒரு பங்கு, அதாவது சரியாக அரைப் பாகை, என்று கண்டவர் அரிஸ்டார்க்கஸ் என்றே எழுதுகிறார். சரியான எண் கைக்கு வருவதற்கு முன்பு இந்த நூல் எழுதப்பட்டிருக்கலாம். அல்லது நூலின் நோக்கமே இன்ன தரவு தந்தால் இன்ன விடை வரும் என்று காட்டுவதாக மட்டும் இருந்திருக்கலாம்.

ஆர்க்கிமிடீஸ் தானும் சூரியனை அளந்தார், அதை எப்படிச் செய்தார் என்பதை விவரமாகவும் எழுதிவைத்தார். அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும் என்று கெலான் மன்னனுக்கு எழுதிக் காட்டிய நூலில் அது வருகிறது. அரிஸ்டார்க்கஸ் சூரியனை நடுவில் நிறுத்திப் பூமியைச் சுற்றவிட்டார் என்ற செய்தியும் நமக்கு அதே நூலிலிருந்துதான் முதன்மையாகக் கிடைக்கிறது. நீண்ட கோல் ஒன்றைச் சூரியன் உதிக்கும் திசை நோக்கி நிறுத்தி, கடைசலில் கடைந்தெடுத்த சிறிய உருளையை அதன்மேல் செங்குத்தாக வைத்து, உதித்தவுடன் கண் கூசாமல் பார்க்க முடிகிற அந்தச் சில நிமிடங்களில் கோலின் முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார். உருளையை மெல்ல விலக்கினால் ஒரு நிலையில் சூரியன் அதன் இரு ஓரங்களிலும் இம்மியளவு எட்டிப்பார்க்கும்; சற்று அருகே கொண்டுவந்தால் முழுவதும் மறையும். முதல் நிலை ஒரு வரம்பையும் இரண்டாம் நிலை மறு வரம்பையும் தரும். இங்கே ஆர்க்கிமிடீஸ் ஒன்றைக் கவனிக்கிறார்: கண் ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதில்லை, அதற்கென்று ஓர் அகலம் உண்டு. அந்த அகலத்தை, ஒரு வெள்ளை உருளையையும் வேறொரு உருளையையும் கொண்டு, தனியே அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். முடிவில் சூரியனின் அகலம் செங்கோணத்தின் 200-இல் ஒரு பங்குக்கு மேல், 164-இல் ஒரு பங்குக்குக் கீழ் என்கிறார். அதாவது 27 கலைக்கும் 33 கலைக்கும் இடையே. உண்மை 32. அரிஸ்டார்க்கஸின் 18-க்கும் 20-க்கும் நேர்மாறாக, இது அளவீட்டின் ஐயத்தையே வரம்பாக எழுதிய எடுத்துக்காட்டு.

இனிச் சந்திரனுக்கு வருகிறேன், ஏனெனில் வெற்றி அங்கேதான் இருக்கிறது. முழு சூரிய கிரகணத்தில் சந்திரன் சூரியனை மயிரிழையில் மறைக்கிறது. அப்படியென்றால் சந்திரனின் நிழற்கூம்பு கூராகிக்கொண்டே வந்து, பூமியைத் தொடும் இடத்தில் ஏறக்குறையப் புள்ளியாக முடிகிறது. சந்திரனிலிருந்து பூமிவரையுள்ள தொலைவைக் கடக்கையில் நிழல் ஒரு சந்திர அகலம் குறுகுகிறது என்பதே இதன் பொருள். பூமியின் நிழலும் அதே தொலைவில் அதே அளவுதான் குறுகும், ஏனெனில் இரண்டு நிழல்களுக்கும் விளக்கு ஒன்றுதான். சந்திர கிரகணத்தின்போது நிலவு கடக்கும் இடத்தில் பூமியின் நிழல் இத்தனை சந்திர அகலம் என்று கிரகணம் நீடிக்கும் நேரத்தைக் கொண்டு கணித்துவிட்டால், அதோடு ஒன்றைக் கூட்டினால் பூமியின் அகலம். அரிஸ்டார்க்கஸின் 2-ஐ எடுத்தால் பூமி மூன்று சந்திர அகலம். பின்னாளில் டாலமி கொண்ட 2.6-ஐ எடுத்தால் 3.6 அகலம், உண்மை 3.67. நிலவின் கோண அகலம் அரைப் பாகை என்பதால் அது தன் அகலத்தைப்போல் 115 மடங்கு தொலைவில் இருக்கிறது. 115-ஐ 3.6-ஆல் வகுத்தால் 32 பூமி விட்டம், அதாவது 64 புவி ஆரம். இந்தக் கணக்கில் சூரியனின் தொலைவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சூரியன் போதுமான அளவு தொலைவில் இருந்தால் போதும். எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை.

இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் ஹிப்பார்க்கஸ் என்பது என் மதிப்பீடு. நிக்கேயாவில் பிறந்து, ரோட்ஸ் தீவில் வானத்தை நோக்கியவர். தொலைவுகளைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பாக நூல் அழிந்துவிட்டது. டாலமியும் கி.பி. நான்காம் நூற்றாண்டின் கணித அறிஞர் பாப்பஸும் சொல்லும் குறிப்புகளிலிருந்தே அதை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அவர் கையாண்டது இடமாறு தோற்றம். கையை நீட்டி விரலை நிறுத்தி, ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறுவதுபோல், பூமியின் இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் சந்திரன் இடம் மாறித் தெரியும். பூமியின் ஆரம் அளவுக்கு இடம் பெயர்ந்தால் எவ்வளவு கோணம் மாறுமோ அதையே ஒரு வான்பொருளின் இடமாறு தோற்றம் என்று இங்கே சொல்கிறேன்.

முதல் பாகத்தில் அவர் ஒரு சூரிய கிரகணத்தை எடுத்துக்கொண்டார். ஹெலஸ்பான்ட் பகுதியில், அதாவது இன்றைய டார்டனெல்ஸ் நீரிணையைச் சுற்றி, சூரியன் முழுவதும் மறைந்தது. அதே கிரகணத்தில் அலெக்ஸாந்திரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. மீதி ஒரு பங்கு, அதாவது ஆறு கலைக்குச் சற்று மேல், இரண்டு இடங்களுக்கும் இடையே சந்திரன் விலகித் தெரிந்த அளவு. அந்தக் கிரகணம் எது என்பதில் இன்றும் விவாதம் உண்டு, கி.மு. 190, கி.மு. 129 ஆகிய இரண்டு ஆண்டுகளின் கிரகணங்கள் முன்வைக்கப்படுகின்றன. சூரியனுக்கு இடமாறு தோற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டு, சந்திரனின் தொலைவு 71 முதல் 83 புவி ஆரம் வரை என்று அவர் கணக்கிட்டார். இரண்டாம் பாகத்தில் வேறு வழியில் போனார். சூரியனுக்கு 7 கலை இடமாறு தோற்றம் இருப்பதாகக் கொண்டார். கண்ணுக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய மதிப்பு என்று அதை அவர் கருதியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதன்படி சூரியன் 490 புவி ஆரத் தொலைவில் இருக்க, சந்திரனின் சராசரித் தொலைவு 67⅓ என்று வந்தது.

இந்த இரண்டாவது கணக்கின் பின்னணியில் இருப்பது கிரகணப் படம் தரும் ஒரு சமன்பாடு. சூரியனின் இடமாறு தோற்றத்தையும் சந்திரனின் இடமாறு தோற்றத்தையும் கூட்டினால் வரும் தொகை, சூரிய வட்டின் அரை அகலத்தையும் நிழல் வட்டத்தின் அரை அகலத்தையும் கூட்டினால் வரும் தொகைக்குச் சமம். ஹிப்பார்க்கஸ் கொண்ட எண்களில் அந்தத் தொகை ஏறத்தாழ 58 கலை. இந்த 58-ஐச் சூரியனும் சந்திரனும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சூரியனுக்கு 7 கொடுத்தால் சந்திரனுக்கு 51, தொலைவு 67. சூரியனுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால் சந்திரனுக்கு 58 முழுவதும், தொலைவு 59. சூரியன் 490-இலிருந்து முடிவிலிவரை எங்கே இருந்தாலும் சந்திரன் 59-க்கும் 67-க்கும் இடையேதான் இருந்தாக வேண்டும். உண்மையான 60 அதற்குள்ளே இருக்கிறது. தெரியாத ஒன்றுக்கு வரம்பு வைத்து, தெரிய வேண்டியதைப் பிடிக்கும் இந்த முறையில், சூரியனின் தொலைவைக் கண்டுவிட்டேன் என்று ஹிப்பார்க்கஸ் உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. டாலமியே, ஹிப்பார்க்கஸ் சூரியனின் இடமாறு தோற்றத்தில் உறுதியில்லாமல் இருந்ததாகக் குறை கூறுகிறார். எனக்கு அது பாராட்டாகவே படுகிறது.

டாலமி உறுதியாக இருந்தார். கிடைமட்டத்துக்குச் செங்குத்தாக நாட்டிய தூண், அதன் உச்சியில் அச்சாணி வைத்துப் பொருத்திய ஒரு சட்டம், அந்தச் சட்டத்தின் கீழ்முனை விலகும் தூரத்தை அளக்க அடியிலிருந்து வரும் இன்னொரு சட்டம் என்று மூன்று கோல்களாலான கருவியைச் செய்து, உச்சியிலிருந்து சந்திரன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அலெக்ஸாந்திரியாவில் நேரடியாக அளந்தார். கி.பி. 135 அக்டோபர் 1 அன்று சந்திரன் இருக்க வேண்டிய இடத்துக்கும் தெரிந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு 1 பாகை 7 கலை என்று பதிவு செய்தார். அதிலிருந்து அப்போது சந்திரன் 39¾ புவி ஆரத் தொலைவில் இருந்ததாகக் கணக்கிட்டார்.

இந்த எண் மிகவும் தவறு. அந்த உயரத்தில் நிற்கும் சந்திரனுக்கு முக்கால் பாகை அளவே இடமாற்றம் இருக்க வேண்டும். ஆனால் டாலமியின் சந்திர மாதிரியிலும் ஒரு பெருங்குறை இருந்தது: அதன்படி சந்திரன் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் 64 ஆரம்வரை விலகி, அரை நிலவு நாள்களில் 33 ஆரம்வரை நெருங்கி வரும். அப்படியானால் அரை நிலவு சில சமயம் முழு நிலவைவிட இரு மடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். இதை மறுக்கக் கருவிகூட வேண்டாம், மொட்டை மாடிக்குப் போனாலே போதும். ஆனாலும் டாலமி இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அளவீட்டின் பிழையும் மாதிரியின் பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் உரிய சராசரித் தொலைவாக 59 வந்து நிற்கிறது. ஹிப்பார்க்கஸின் வழியில் சூரியனைத் தள்ளிவைத்தால் வரும் எண்ணும் அதுவே. இது தற்செயலா, வர வேண்டிய விடையை அறிந்து நோக்கியதன் விளைவா என்ற சந்தேகம் வரலாற்றாசிரியர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு.

அடுத்து அவர் செய்ததுதான் சூரியனை நழுவவிட்டது. ஹிப்பார்க்கஸ் சூரியனை வைத்துச் சந்திரனைக் கண்ட அதே சமன்பாட்டைத் தலைகீழாகத் திருப்பி, சந்திரனை வைத்துச் சூரியனைக் கண்டார். சந்திரன் மிகத் தொலைவில் இருக்கும்போது அதன் அரை அகலம் 15 கலை 40 விகலை, சூரியனுக்கும் அதுவே. கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை. நிழலின் அகலம் சந்திரனைப்போல் 2.6 மடங்கு என்பதால் நிழலின் அரை அகலம் 40 கலை 44 விகலை. இரண்டையும் கூட்டினால் 56 கலை 24 விகலை. அந்த நிலையில் சந்திரனின் தொலைவு 64 ஆரத்துக்குச் சற்று மேல், அதன் இடமாறு தோற்றம் 53 கலை 35 விகலை. கழித்தால் மிஞ்சுவது 2 கலை 49 விகலை. அது சூரியனின் பங்கு. அவருடைய முழுக் கணக்கின்படி தொலைவு 1,210 ஆரம்.

கழித்தலில் மிஞ்சும் இந்தச் சிறு எண்ணில்தான் முழுத் தவறும் உட்கார்ந்திருக்கிறது. நிழல் 2.6 மடங்கு என்பதற்குப் பதிலாக 2.5 என்று கொண்டு பார்த்தேன்: மிச்சம் ஒன்றேகால் கலையாகச் சுருங்கி, சூரியன் 2,700 ஆரத்துக்கு அப்பால் ஓடிவிடுகிறது. 2.7 என்று கொண்டால் 780-க்கு வந்துவிடுகிறது. 2.4 என்று கொண்டால் மிச்சம் சுழியத்துக்குக் கீழே போய்விடுகிறது, அதாவது சூரியன் இருக்கவே இடமில்லை. கிரகணத்தில் நிழலின் விளிம்பு மங்கலாகப் பரவித் தெரியும். அதன் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு நிலவுக்குள் நிறுத்திச் சொல்வதே பெரும்பாடு. அந்தத் தடுமாற்றம் சந்திரனின் தொலைவை இரண்டு மூன்று ஆரம் மட்டுமே அசைக்கும். சூரியனின் தொலைவையோ எண்ணூறிலிருந்து முடிவிலிக்கு எறிந்துவிடும்.

ஆனால் அவர் பெற்ற 1,210-ஐச் சந்திரனின் மிகப் பெரிய தொலைவான 64-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 19. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அரை நிலவிலிருந்து அரிஸ்டார்க்கஸ் பெற்ற அதே விகிதம்! ஒன்று அரை நிலவிலிருந்து, மற்றொன்று கிரகணத்திலிருந்து. தொடர்பே இல்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததாகப் படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். நிழலின் அகலத்தைச் சிறிது மாற்றினால் எந்த விகிதத்தையும் வரவழைக்கலாம் என்பதை அறிந்த பிறகு இந்த ஒற்றுமை எனக்கு ஆறுதல் தருவதற்குப் பதில் கூடுதல் ஐயத்தையே தருகிறது.

டாலமி பிற்காலத்தில் எழுதிய இன்னொரு நூலில் கோள்களுக்கும் தொலைவு கொடுத்தார். வானத்தில் வெற்றிடம் இருக்காது, ஆகவே ஒரு கோளின் எல்லை முடியும் இடத்தில் அடுத்த கோளின் எல்லை தொடங்கும் என்பது அடிப்படை. சந்திரன் முடியும் 64-இல் புதன் தொடங்குகிறது. அவருடைய மாதிரியில் புதனின் நெருங்கிய தொலைவுக்கும் விலகிய தொலைவுக்கும் உள்ள விகிதம் 34-க்கு 88 என்பதால் அது 166-இல் முடிகிறது. வெள்ளியின் விகிதம் 16-க்கு 104, ஆகவே அது 1,079-இல் முடிகிறது. சூரியன் தொடங்குவதோ 1,160-இல். கிரகணத்திலிருந்து வந்த எண்ணும் அடுக்கிலிருந்து வந்த எண்ணும் இவ்வளவு நெருங்கி வந்தது மூன்றாவது சான்றாகவே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். செவ்வாய் 8,820 வரை, வியாழன் 14,187 வரை, சனி 19,865 வரை. விண்மீன்கள் 20,000 ஆரத்தில். நூலின் இந்தப் பகுதி கிரேக்க மூலத்தில் கிடைக்கவில்லை. அரபு மொழிபெயர்ப்பில் அது இருப்பது 1967-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. அரபு வானியலாளர்கள் வழியாக இந்த எண்கள் இடைக்கால ஐரோப்பா முழுவதும் பரவின. விண்மீன்கள்வரையுள்ள டாலமியின் மொத்தப் பிரபஞ்சமும், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உண்மையில் உள்ள இடைவெளியைவிடச் சிறியது.

சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸ்கூட அதன் தொலைவை ஏறத்தாழ டாலமியின் அளவிலேயே வைத்திருந்தார். தொலைநோக்கி வந்த பிறகு 17-ஆம் நூற்றாண்டில் வெண்டலின் என்ற வானியலாளர் அரை நிலவை மறுபடி நோக்கி, கோணம் 87 அல்ல, சுமார் 89¾ என்று கண்டார். அந்த ஒரு திருத்தமே சூரியனை உண்மைத் தொலைவில் ஐந்தில் மூன்று பங்குவரை கொண்டுபோய்விட்டது. அரிஸ்டார்க்கஸின் வழி அதற்கு மேல் நீளவில்லை. 1672-இல் வானியலாளர்கள் இருவர், ரிஷே தென்னமெரிக்காவின் கயானிலிருந்தும் காசினி பாரிஸிலிருந்தும் செவ்வாயை நோக்கி, அதன் இடமாறு தோற்றத்திலிருந்து சூரியனுடையதைச் சுமார் 9½ விகலை என்று கணித்தார்கள். இன்றைய மதிப்பு 8.8 விகலை. டாலமி கொண்டது ஏறக்குறைய 170 விகலை. கூர்மையான வெறுங்கண் பிரித்தறியக்கூடியது 60 விகலை அளவே என்பதால், ரோட்ஸிலோ அலெக்ஸாந்திரியாவிலோ எவ்வளவு நீளமான கோலை நட்டிருந்தாலும் சூரியனின் இடமாற்றம் கண்ணுக்கு அகப்பட்டிருக்காது.